பொத்தான் சரி, பெட்டி சரி, அழைப்பு மட்டும் போகவில்லை: பிரிட்டனின் லேண்ட்லைன் மாற்றம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒரு சிறிய அவசரப் பொத்தானை அணிந்து வாழ்கிறார்கள். பெரும்பாலோர் தனியாக வசிக்கும் முதியவர்கள். உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களும் அவர்களில் உண்டு. கீழே விழுந்து எழ முடியாமல் போனால் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கோ ஒரு கண்காணிப்பு மையத்தில் ஒருவர் பேசுவார், மகனையோ பக்கத்து வீட்டாரையோ ஆம்புலன்ஸையோ அனுப்பிவைப்பார். டெலிகேர் என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் பலர் முதியோர் இல்லத்துக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே இருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் அந்நாட்டு அரசு தொலைபேசி நிறுவனங்களை அவசரமாக அழைத்துப் பேசியது. பழைய லேண்ட்லைனிலிருந்து இணையவழித் தொலைபேசிக்கு மாற்றப்பட்ட வீடுகளில், ஆபத்து நேரத்தில் அழுத்தப்பட்ட பொத்தான்கள் பலனளிக்காமல் போன தீவிரமான சம்பவங்கள் தெரியவந்திருந்தன. டிசம்பர் 18 அன்று பெரிய நிறுவனங்கள் ஓர் உறுதிமொழி ஆவணத்தில் கையெழுத்திட்டன. வாடிக்கையாளர் கேட்காமல் செய்யப்படும் மாற்றங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

இணைப்புள்ள கருவிகளை நம்பி வாழும் எவருக்கும், அவற்றைப் பொருத்தித் தரும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் அண்மையில் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பொத்தான் பழுதாகவில்லை. அதன் சிக்னலை வாங்கும் பெட்டியும் பழுதாகவில்லை. புதிய ரூட்டரும் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் தேறிவிடும். இவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்துக்குத்தான் யாரும் பொறுப்பாளி இல்லை.

பழைய ஏற்பாடு எப்படி ஓடியது

பொத்தானுக்குள் ஒரு சிறிய ரேடியோ இருக்கிறது. ஐரோப்பாவில் இத்தகைய சமூக அவசர அழைப்புகளுக்கென்றே 869 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓர் அலைவரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. அழுத்தியதும் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெட்டிக்குச் செய்தி போகும். பெட்டி தானே லேண்ட்லைனில் மையத்தின் எண்ணைச் சுழற்றி, மறுமுனை எடுத்ததும் தன் அடையாள எண்ணைச் சில தொனிகளாக அனுப்பும். மையத்தில் இருப்பவரின் திரையில் பெயர், முகவரி, உடல்நிலைக் குறிப்பு, சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் வந்து நிற்கும். பிறகு பெட்டியின் ஒலிபெருக்கி வழியாக, தரையில் கிடப்பவரோடு பேசலாம்.

மின்சாரம் போனால்? பெட்டிக்குள் ஒரு நாளைக்குக் குறையாமல் தாங்கும் பேட்டரி உண்டு. செப்புக் கம்பிக்கு வீட்டு மின்சாரமே தேவையில்லை. சுமார் 50 வோல்ட் மின்னழுத்தம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பியில் வரும், நிலையத்திலோ பேட்டரி அடுக்குகளும் ஜெனரேட்டரும் இருக்கும். தெரு முழுக்க இருட்டாகக் கிடந்தாலும் கழுத்திலிருந்து மையம் வரை ஒரு பாதை உயிரோடு இருந்தது.

இந்தப் பாதையை டெலிகேர்க்காரர்கள் யாரும் வடிவமைக்கவில்லை. தொலைபேசித் துறை வேறு காரணங்களுக்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டிவைத்த உறுதி அது. டெலிகேர் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. காசு கொடுக்காமல் கிடைத்ததால் அது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. எடுத்துவிட்டபோது என்ன இழக்கிறோம் என்று எந்தப் பட்டியலிலும் எழுதப்படாததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

மாற்றத்தில் தவறில்லை

செப்புக் கம்பித் தொலைபேசியை மூடும் முடிவை நான் குறை சொல்லமாட்டேன். இணைப்பகக் கருவிகளுக்கு உதிரிப் பாகம் கிடைப்பதே அரிதாகிவிட்டது, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் டெலிகாம் 2017-லேயே, 2025 இறுதிக்குள் பழைய வலையமைப்பை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டது. சால்ஸ்பரி, மில்டன்ஹால் என்ற இரண்டு ஊர்களில் முதலில் சோதனை நடந்தது. 2023 செப்டம்பரிலிருந்து பழைய வகை இணைப்பு நாடு முழுவதும் புதிதாக விற்கப்படுவது நின்றது. இது அரசின் ஆணை அல்ல, தொழில்துறை எடுத்த முடிவு. அதனால் தொடக்க ஆண்டுகளில் சுகாதாரத் துறை, நகராட்சிகள், வீட்டுவசதி அமைப்புகள் எல்லாம் இதை வேறொரு துறையின் உள் விவகாரமாகவே பார்த்தன.

சுவரில் இருந்த அந்த சாக்கெட்

நடந்ததை ஒரு வீட்டின் கூடத்தில் நின்று பார்ப்போம். மாற்றத்துக்கு முன்பு அவசரப் பெட்டியின் வயர் சுவரில் உள்ள தொலைபேசி சாக்கெட்டில் செருகியிருக்கும். வீட்டுத் தொலைபேசி அந்தப் பெட்டியின் பின்னால் செருகியிருக்கும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும், பெட்டி அதைத் துண்டித்துவிட்டு லைனைத் தன் வசமாக்கிக்கொள்ள வேண்டும்.

புதிய ரூட்டர் பல வீடுகளுக்குத் தபாலில் வந்தது. கூடவே ஒரு வழிகாட்டிக் காகிதம்: தொலைபேசியைச் சுவரிலிருந்து பிடுங்கி ரூட்டரின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். முதியவரோ வார இறுதியில் வந்த மகளோ அதைச் செய்திருப்பார்கள். தொலைபேசியில் டயல் டோன் கேட்கும், பேசிப் பார்த்தால் சரியாக இருக்கும். வேலை முடிந்ததென்று தோன்றும். சுவர் சாக்கெட் அன்றோடு செத்துவிடுகிறது. அவசரப் பெட்டி இன்னும் அதில்தான் செருகியிருக்கலாம். மின்சாரம் வருவதால் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

லைன் இல்லையென்றால் குரல் கொடுத்து எச்சரிக்கும் பெட்டிகள் உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கை ஒலிப்பது காது மங்கிய ஒருவருக்கு, அந்தக் கூடத்துக்குள் மட்டும். மையத்துக்கு அது தெரிய வழியில்லை. தெரிவிக்க வேண்டிய லைன்தானே போய்விட்டது! பழைய பெட்டிகள் மையத்துக்குத் தானாகச் சோதனை அழைப்பு விடுவதும் அடிக்கடி நடக்கும் காரியமல்ல. இடைப்பட்ட நாட்களில் ஒரு வீடு தொடர்பிலிருந்து விழுந்துவிட்டதை யாரும் கவனிக்கமாட்டார்கள், அவர் பொத்தானை அழுத்தும் வரை.

ரூட்டரின் துளைக்குப் பெட்டியையும் மாற்றிவிட்டாலும் தொல்லை தீராது. தொனிகள் செப்புக் கம்பியில் தொடர்ச்சியான ஒலியாகப் பயணித்தவை. இணையவழியில் ஒலி சுமார் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒரு துண்டு தொலைந்தால் மனிதப் பேச்சில் காதுக்கே தெரியாது. அடையாள எண்ணைச் சுமக்கும் தொனியில் அது ஓர் இலக்கத்தையே அழித்துவிடும், இல்லையென்றால் ஓர் இலக்கத்தை இரண்டாக்கும். அழைப்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் யார் அழைக்கிறார்கள் என்பது திரையில் வராது. சில வீடுகளில் சரியாகப் போகும், சிலவற்றில் போகாது. ஒரே வீட்டில் காலையில் போய், மாலையில் போகாமலும் இருக்கலாம். ஒருமுறை சோதித்துவிட்டு நல்லபடி இருக்கிறது என்று எழுதிவைத்த தொழில்நுட்பப் பணியாளர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்தபோது நல்லபடிதான் இருந்தது.

ஒரு மணி நேரம்

மின்சாரம் போனால் ரூட்டர் அணைந்துவிடும், ஃபைபர் இணைப்பின் முனைப் பெட்டியும் அணைந்துவிடும். இதை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் முன்பே யோசித்திருந்தது. லேண்ட்லைனைச் சார்ந்திருப்பவர்களுக்கு மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர சேவையை அழைக்க வழி இருக்க வேண்டும் என்று 2018-ல் வழிகாட்டியது.

இதைக் கூர்ந்து படித்தால் இரண்டு ஓட்டைகள் தென்படுகின்றன. வழிகாட்டுதல் சொல்வது 999 போன்ற அவசர எண்களுக்கான அழைப்பைப் பற்றி. டெலிகேர் பெட்டி அழைப்பதோ ஒரு கண்காணிப்பு மையத்தின் சாதாரண எண்ணை. பொத்தானை அழுத்துபவரைப் பொறுத்தவரை அதுதான் அவருடைய அவசர எண், விதியின் கண்ணில் அது வெறும் இன்னோர் அழைப்பு. மின்தடைக்காக ஒரு கைபேசியைக் கொடுத்துவிட்டாலும் விதி நிறைவேறிவிடும். இடுப்பெலும்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடப்பவர் மேசையில் உள்ள கைபேசியை எப்படி எடுப்பார்?

இன்னொன்று, அந்த ஒரு மணி நேரம். 2021 நவம்பர் 26, 27 தேதிகளில் ஆர்வென் புயல் வீசியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது, ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்குமேல் வரவில்லை. 2022 பிப்ரவரியில் யூனிஸ் புயல். அந்த வீடுகளில் இணையவழித் தொலைபேசிக்கு மாறியிருந்தவர்கள் மின்சாரம் போனதும் தொலைபேசியையும் இழந்தார்கள். மார்ச் இறுதியில் பிரிட்டிஷ் டெலிகாம் தன் மாற்றத் திட்டத்தையே நிறுத்திவைத்து, மக்களைத் தயார் செய்யாமல் வேகமாகப் போய்விட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2023 கோடையில்தான் வட்டார வட்டாரமாக மறுபடி தொடங்கியது. ஒரு மணி நேரம் என்ற எண்ணிக்கை நகரத்துச் சராசரி மின்தடையை மனதில் வைத்து வந்ததாக இருக்கலாம். மின்தடை நீளும் வீடுகளும், கைபேசி சிக்னல் கிடைக்காத வீடுகளும், தனியாக முதியவர் வாழும் வீடுகளும் பெரும்பாலும் ஒரே மலைப்பக்கத்து ஊர்களில்தான் இருக்கின்றன. சராசரி அவர்களைக் காட்டாது.

பட்டியல் யாரிடம் இருந்தது?

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. எந்த லைனில் அவசரப் பெட்டி இருக்கிறது என்ற முழு விவரம் எவரிடமும் இல்லை என்பதுதான்.

தொலைபேசி நிறுவனத்துக்கு லைன் தெரியும், அதன் முனையில் என்ன செருகியிருக்கிறது என்று தெரியாது. கண்காணிப்பு மையத்துக்குப் பெட்டி தெரியும், அந்த வீடு எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர், எப்போது மாற்றப்படுகிறது என்று தெரியாது. பெட்டியைக் கொடுத்தது நகராட்சியாக இருக்கலாம், வீட்டுவசதி அமைப்பாக இருக்கலாம், தனியார் விற்பனையாளராகவும் இருக்கலாம். பணம் கட்டுவது வேறொரு ஊரில் வாழும் மகன் என்றால் தொலைபேசிக் கணக்கில் இருப்பது அவர் பெயர். கணக்கைப் பார்ப்பவருக்கு எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதே புலப்படாது.

இரு தரப்புப் பட்டியலையும் ஒப்பிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பலர் தயங்கினார்கள். ஒருவரின் உடல்நிலையைக் குறிப்பால் உணர்த்தும் தகவல் என்பதால் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வழிமுறை இருந்தது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டியது தன் வேலை என்று எந்தத் தரப்பும் நினைக்கவில்லை. தகவல் பகிர்வு ஒப்பந்தங்கள் பரவலாகக் கையெழுத்தானது சம்பவங்களுக்குப் பிறகுதான். மாற்றத்துக்கு முன் வாடிக்கையாளரிடம் கடிதம் வழியே கேட்டார்கள்: உங்களிடம் டெலிகேர் உள்ளதா? அந்தச் சொல்லைத் தங்கள் கழுத்தில் தொங்குவதோடு பொருத்திப் பார்க்காதவர்கள் ஏராளம். அவர்கள் அதை அலாரம் என்பார்கள், பொத்தான் என்பார்கள். பதில் வராத கடிதத்தை இல்லை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பது இங்கே தெளிவாகிறது. பதில் எழுத முடியாதவர்களிடம்தான் பொத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டடங்களில்

முதியவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் சிக்கல். அறைக்கு அறை இழுக்கும் கயிறு, கட்டட மேலாளர் அறையில் ஒரு பலகை, அங்கிருந்து மையத்துக்கு ஒரு லேண்ட்லைன். அந்த ஒற்றை லைன் மாறினால் முழுக் கட்டடமும் ஒரே நாளில் தொடர்பை இழக்கலாம். அதே கட்டடத்தில் மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, தீயணைப்பு எச்சரிக்கைப் பலகை, வாசல் அழைப்பு மணி ஆகியவற்றுக்கும் தனித்தனி லைன்கள் இருக்கும். யாரும் அவற்றில் பேசுவதில்லை என்பதால் கட்டணச் சீட்டில் ஒரு வரியாக மட்டுமே அவை உயிர்வாழும்.

மின்தூக்கிகளுக்கான ஐரோப்பியத் தரவிதி இதில் முன்யோசனை உள்ளது. இ.என். 81-28 என்ற அந்த விதிப்படி, அவசரத் தொடர்பு மூன்று நாளைக்கு ஒருமுறையாவது தானாகச் சோதனை அழைப்பு விட வேண்டும். அழைப்பு வராமல் போனால் மறுமுனையில் இருப்பவர் விசாரிக்க வேண்டும். சத்தம் வந்தால் கவனிப்பது என்ற முறையை மாற்றி, சத்தம் வராவிட்டால் கவனிப்பது என்று ஆக்கியிருக்கிறார்கள். மின்தூக்கிக்குள் அரை மணி நேரம் மாட்டிக்கொள்பவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, வீட்டில் விழுந்து கிடப்பவருக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

பிறகு செய்தவை

2023 டிசம்பர் உறுதிமொழியின் சாரம் இதுதான்: டெலிகேர் பயனரிடம் பொருந்தக்கூடிய, வேலை செய்யும் கருவி இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் மாற்றக்கூடாது. மின்தடைக்கான பேட்டரியை ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கொண்டுசெல்ல முயல வேண்டும். 2024 மே மாதத்தில் பிரிட்டிஷ் டெலிகாம் இறுதிக் கெடுவை 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளிவைத்தது. உடனே மாற முடியாதவர்களுக்கு, தொலைபேசி நிலையத்திலேயே புதிய கருவியை வைத்து, வீட்டில் பழைய சாக்கெட் அப்படியே இயங்கும்படியான இடைக்கால லைன் ஒன்றும் வந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. தொழில்நுட்பமாகப் பெரிய புதுமை எதுவுமில்லை, ஆனால் எண்பது வயதானவர் எந்த வயரையும் தொட வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் டெலிகேருக்கென்றே ஒரு தேசியச் செயல்திட்டத்தை அரசு வெளியிட்டது.

புதிய டிஜிட்டல் பெட்டிகள் பழையவற்றைவிட நல்லவை, அதில் ஐயமில்லை. சிம் வழியாகவோ இணையம் வழியாகவோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்க முடியும். அது நின்றால் யாரும் பொத்தானை அழுத்தாமலேயே மையத்துக்குத் தெரிந்துவிடும். சுவீடன் இந்த வேலையை முன்கூட்டியே செய்தது. தொனிகளைக் கைவிட்டு இணையத்துக்கென்றே எழுதப்பட்ட ஸ்கேப் என்ற தொடர்பு முறையை 2014-ல் தேசியத் தரமாக்கியது. வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டியும் மையமும் அதனால் ஒரே மொழி பேசின.

ஆனால் அவசரத்தில் வாங்கியவர்கள் இன்னொரு குழியில் விழ வாய்ப்பு உண்டு. டிஜிட்டல் என்று விற்கப்பட்ட பெட்டிகளில் ஒரு பகுதி 2ஜி அல்லது 3ஜி சிம்மை நம்பியவை. பிரிட்டனின் கைபேசி நிறுவனங்கள் 3ஜியைக் கிட்டத்தட்ட மூடிவிட்டன, 2ஜியை 2033-க்குள் மூட உறுதியளித்துள்ளன. ஒரு லைன் மூடப்படுவதால் வாங்கிய பெட்டி இன்னொரு லைன் மூடப்படுவதால் சாகக்கூடாது. வாங்கும்போது கேட்க வேண்டியது 4ஜியா, ஒரே நிறுவனத்தின் சிம்மா, எந்த வலையமைப்பில் சிக்னல் இருந்தாலும் சேர்ந்துகொள்ளும் சிம்மா என்பதை.

ஸ்மார்ட் வீடுகளுக்கு இதில் என்ன?

இதே அமைப்புக் கோளாறு சர்வர் வடிவில் ஏற்கனவே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் தொடங்கிய இன்ஸ்டியான் என்ற வீட்டுத் தானியங்கிக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரல் நடுவில் முன்னறிவிப்பின்றி நின்றன. செயலிகள் திறக்கவில்லை, குரல் கட்டளைகள் போகவில்லை. சுவர் சுவிட்சுகளும், ஒன்றோடொன்று நேராக இணைக்கப்பட்டிருந்த விளக்குகளும் தொடர்ந்து எரிந்தன, ஏனென்றால் அந்தப் பாதை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஹோம் அசிஸ்டென்ட் போன்ற, வீட்டிலேயே ஓடும் மென்பொருளுக்கு மாறியவர்கள் தங்கள் கருவிகளை மீட்டெடுத்தார்கள். ஜூன் மாதம் பயனர்களில் ஒரு குழுவினரே நிறுவனத்தை வாங்கி மறுபடி இயக்கினார்கள். பொழுதுபோக்காக விளக்கெரிப்பவருக்கு இரண்டு மாதம் தொந்தரவு. கைகால் அசைக்க முடியாமல் குரலால் மட்டுமே கதவையும் படுக்கையையும் இயக்குபவர் அந்த வீட்டில் இருந்திருந்தால் இரண்டு மாதம் என்பதற்கு வேறு பொருள்.

அதனால் தனியாக வாழும் ஒருவருக்காக வீட்டையோ கட்டடத்தையோ இணைக்கும்போது கருவியின் வசதிகளைப் பார்ப்பதற்கு முன்னால், அது ஒரு செய்தியை முடிக்கும் வரை எத்தனை இடங்களைத் தொடுகிறது என்று காகிதத்தில் வரையச் சொல்வேன். பொத்தான், பெட்டி, ரூட்டர், ஃபைபர் முனை, நிறுவனத்தின் சர்வர், மையம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருடையது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, மூடப்போகிறார்கள் என்றால் யார் யாரிடம் சொல்வார்கள் என்று எழுத வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் காலியாக இருக்கும் இடம்தான் பிரிட்டனில் உடைந்த இடம். கதவுப் பூட்டு, விளக்கு, வெப்பநிலை இவற்றின் அடிப்படை வேலை வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டும். உதவிக்கு அழைப்பது மட்டும் வெளியே போயே ஆக வேண்டும் என்பதால் அதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பாதைகள் வேண்டும். ரூட்டரும் அதே ரூட்டரில் ஒட்டியிருக்கும் வைஃபையும் இரண்டு பாதை ஆகாது.

சோதனையும் உண்மையான நிலையில் நடக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து பொத்தானை அழுத்த வேண்டும். மையத்தில் பேசுபவரிடம் திரையில் யார் பெயர் வந்திருக்கிறது, எந்த முகவரி காட்டுகிறது என்று கேட்க வேண்டும். அவர் குரல் தரைவரை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மணி நேரம் கழித்து, மின்சாரத்தைத் திருப்பிப் போடாமலே, மறுபடி ஒருமுறை அழுத்த வேண்டும். ரூட்டர், சிம், மென்பொருள், தொலைபேசி நிறுவனம் எது மாறினாலும் இதை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பிரிட்டனில் வேலை இன்னும் முடியவில்லை. எளிதாக மாறக்கூடிய வீடுகள் முதலில் மாறிவிட்டன. கடைசிக் கட்டத்தில் எஞ்சுபவர்களில் இணைய இணைப்பே வைத்திராதவர்களும், கடிதத்துக்குப் பதில் போடாதவர்களும், கைபேசி சிக்னல் எட்டாத பள்ளத்தாக்குகளில் இருப்பவர்களும் அதிகம் இருப்பார்கள். இவர்களை அடைய ஒரே வழி, ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டி, சுவர் சாக்கெட்டில் என்ன செருகியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதுதான். அந்த ஆட்களுக்கான சம்பளம் எந்தத் துறையின் கணக்கில் வரும் என்பதை 2027 ஜனவரிக்கு முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும்.